தரையில் ஏற்றிப் பார்க்கச் சொன்னவர்

கொழும்பில் ஒரு ஹோட்டல் குசினியில் ஏழு வருடம் சமையல் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், இனிப் போவதில்லை என்று ஒரு நாள் பெட்டியோடு எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு வந்து நின்றார். தோட்டத்துக்குக் கீழே இருக்கும் நீர்த்தேக்கத்தில் படகு ஓட்டப் போவதாகச் சொன்னார். அக்கரைக்குப் போகிறவர்கள் ஏறுவார்கள், சுற்றுலா வருகிறவர்களும் ஏறுவார்கள். படகு ஓடினால் வீட்டில் இருப்பார், ஓடாவிட்டால் திரும்பக் கொழும்புதான். எனக்கு அவர் வீட்டில் இருக்க வேண்டும். மற்றபடி படகைப் பற்றி நான் என்னத்தைக் கண்டேன்.

நுவரெலியாவில் ஒரு பழைய ஃபைபர் படகு விலைக்கு வந்தது. புது நீலப் பெயிண்ட் பளபளத்தது. வாங்குமுன் விஷயம் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிவிடலாம் என்று நினைத்தோம். நீர்கொழும்பில் படகு பார்த்துச் சொல்வதையே தொழிலாக வைத்திருக்கும் ஒருவரின் நம்பர் கிடைத்தது. அவரோடு சிங்களத்தில் பேசிவிட்டு, என் வீட்டுக்காரர் சிரித்தபடி போனை வைத்தார்.

"தண்ணியில இருந்து தூக்கி தரையில வைக்கணுமாம். ரெண்டு நாள் காயணுமாம். பெறகுதான் வருவாராம்."

"தண்ணியில ஓடுறத தரையில வச்சு என்னத்தங்க பாக்குறது? நம்ம பிட்டர் அண்ணன் இருக்கையில வெளிய ஏன் தேடுறீங்க?"

இதைச் சொன்னது நான்தான். அவரும் சரியென்று நீர்கொழும்புக்காரரை விட்டுவிட்டார்.

பிட்டர் அண்ணன் எங்கள் தேயிலை பெக்டரியில் மெஷின் பழுது பார்ப்பவர். கொழுந்து அரைக்கும் ரோலர் நின்றுபோனால், ஸ்குரு டிரைவரின் ஒரு முனையை மெஷினில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். அவர் சொல்லுக்குத் தோட்டத்தில் மறுபேச்சில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எங்களோடு வந்தார். படகை ஒரு சுற்று ஓட்டச் சொல்லி, என்ஜினிலும் அப்படியே காது வைத்துக் கேட்டார்.

"மெஷின் சுத்தமா இருக்கு தங்கச்சி. கண்ண மூடிக்கிட்டு எடுங்க."

கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தோம். அவரைக் குறை சொல்ல மாட்டேன், என்ஜினில் இன்றைக்கும் ஒரு பழுதுமில்லை.

மூன்றாவது வாரம் காலடியில் தண்ணீர் ஊறியது. நீலப் பெயிண்டைச் சுரண்டினால் அடியில் நீளமாக ஒரு பழைய வெடிப்பு, யாரோ ஒட்டி மறைத்தது. நாங்களும் ஒட்டினோம், அதுவும் விட்டுக்கொண்டது. ஒரு நாள் நடுத்தண்ணீரில் ஒரு குடும்பத்துக்குக் கணுக்கால் வரை தண்ணீர் ஏறிவிட்டது. அவர்களைப் பத்திரமாகக் கரை சேர்த்தார். அதற்குப் பிறகு ஒருவரும் ஏறவில்லை. அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே குசினிக்குப் போனார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

படகு இப்போது லயத்துக்குப் பின்னால், தரையில், இரண்டு கட்டைகளின் மேல் கிடக்கிறது. மழை பெய்தால் உள்ளே தேங்கும் தண்ணீர் அடியில் ஒரே இடத்தில் சொட்டும். ஓட்டை எங்கே என்று பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

நேற்று போனில், "அங்க மழையா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். பின்பக்கம் சொட்டிக்கொண்டிருந்தது.