தடம் துடைக்கும் கமலவேணி

நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் கமலவேணி அதில் உட்கார்ந்துவிடுவாள். எழுந்துபோனவர் எந்தெந்த இணையப் பக்கங்களைப் பார்த்தார் என்ற வரிசையைக் கண்ணெடுத்தும் பாராமல் மொத்தமாக அழிப்பாள். அடுத்தது குக்கீகள். “பேர பாரு, குக்கீயாம்! தின்னவும் முடியாது. நம்ம எங்க போனோம் வந்தோம்னு வேவு பாத்துக்கிட்டு கெடக்கும்” என்று முணுமுணுத்தபடியே அவற்றையும் துடைத்துவிட்டு, “வாங்கலா, உக்காருங்க” என்று அடுத்தவரைக் கூப்பிடுவாள்.

தொண்ணூற்றொன்பதில் மலேசியாவின் ஜாசின் பட்டணத்தில், தையல்கடை மாடியில் அவள் நடத்திய சைபர் கஃபே அது. பத்து பெரண்டாம் என்ற ஊரில் அவள் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்தபின் துணிந்து ஆரம்பித்தது. மோடம் கிறீச்சிட்டு இணைப்பைத் தேடும்போது மொத்தக் கடையும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். கிடைத்துவிட்டால், அறிமுகமில்லாதவர்கள்கூட ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அந்தச் சிரிப்பு இப்போது எங்கே போயிற்றோ!

செலண்டார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் தாரணிக்கு மூன்றாம் கணினிதான் ராசி. சிங்கப்பூரில் நர்ஸாவதற்கான தாதிப் பயிற்சிக்கு வீட்டுக்குத் தெரியாமல் விண்ணப்பித்திருந்தாள். ஒருநாள் மத்தியானம் அழுது முகம் வீங்கி வந்து நின்றாள்.

“அக்கா, என் மெயில்ல உள்ளதெல்லாம் அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் வரலன்னு சிங்கப்பூருக்கு அவரே பதில் போட்டுட்டாரு.”

கமலவேணி மூன்றாம் கணினியைக் குடைந்தாள். தட்டும் எழுத்தையெல்லாம் சத்தமில்லாமல் பதிந்துவைக்கும் ஒரு புரோகிராம் உள்ளே ஒளிந்திருந்தது. தாரணியின் பாஸ்வேர்டும் அதில் இருந்தது. தினமும் தடத்தைத் துடைத்தவளுக்கு, அடியிலேயே ஒற்றன் உட்கார்ந்திருந்தது தெரியவில்லை. “என் கடையிலயேவா?” என்று தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அன்றே கடையை அடைத்தாள். எல்லாக் கணினிகளையும் வெறுமையாக்கி, விண்டோஸை முதலிலிருந்து ஏற்றினாள். யாரும் டிஸ்கெட் நுழைக்க முடியாதபடி அதைச் செருகும் வாய்களைக் கழற்றி எடுத்தாள். முதலில் தயாரான கணினியில் தாரணி புது மின்னஞ்சல் முகவரி திறந்து, முந்தைய பதில் தன்னுடையதல்ல என்று சிங்கப்பூருக்கு எழுதி அனுப்பினாள்.

மறுவாரம் அண்ணன் காந்தன் படியேறி வந்தான்.

“ஆமா, நான்தான் டிஸ்கெட் போட்டேன். என் தங்கச்சி என்ன செய்றான்னு எனக்குத் தெரிய வேணாமா?”

“தெரியணும்னா அவளையே கேளு தம்பி. என் கம்ப்யூட்டர கேக்காத.”

“இனிமே எங்க தோட்டத்துப் பிள்ளைங்க யாரும் இங்க வராதுலா. பாருங்க.”

சொன்னபடியே செய்தான். மாதக்கணக்கில் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. தாரணி மட்டும் காய்கறி வாங்கப் பாசார் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்துபோனாள். சிங்கப்பூரிலிருந்து பதில்தான் வரவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், அவள் பாஸ்வேர்டைத் தட்டத் தொடங்கியதும் கமலவேணி வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். கீழே பேருந்து நிலையம் நனைந்துகொண்டிருந்தது. பின்னால் விசைப்பலகைச் சத்தம் நின்றது.

“அக்கா… வரச் சொல்லிட்டாங்க. நீங்களே படிங்களேன்!”

கமலவேணி திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினாள். தாரணி அதை இறுகப் பற்றிக்கொண்டாள்.