மூக்குத்திப் புண்

மூக்குத்திப் புண் என்றுதான் ஒரு வருடமாக மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்தேன். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் துளி சதை எடுத்துப் பார்த்து, தோல் புற்றுநோய், மூக்கின் ஓரத்தை வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது.

ஆபரேஷனுக்குச் சேரும் நாள் காலையில் ரிஷிவந்தியம் கோயிலுக்குப் போனோம். சன்னதியில் உயிரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. மூக்கு கோணக் கூடாது என்றுதான் வேண்டினேன். வெளியே வந்ததும் வெட்கமாகி, வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன்.

"இதுக்கா அழுவுற? உசுரத்தான் நான் கேட்டுக்கினு இருந்தேனே," என்றார். "நீ மூக்கக் கேட்டது நல்லதாப் போச்சு. ரெண்டையும் ஒரே ஆளு கேட்டா ஜாஸ்தின்னு நெனச்சிருப்பாரு."

இன்று மூக்கு ஒரு பக்கம் கொஞ்சம் கோணல்தான். அவர் கேட்டதை ஈஸ்வரன் முழுசாகவே கொடுத்தார்.