முதலில் முக்காலி

முதலில் உட்காருவாள். முதுகு சுவரில் படுகிறதா என்று ஒருமுறை உரசிப் பார்த்துக்கொள்வாள். அப்புறம்தான் இரண்டு கைகளையும் நீட்டுவாள். அப்போதுதான் பிறந்து வீறிட்ட பிள்ளையைத் துண்டில் சுற்றி யார் கொடுத்தாலும் அவள் வாங்குகிற முறை இதுதான். பிரசவ வார்டுக்குப் பயிற்சிக்கு வந்த மற்ற நர்ஸிங் பிள்ளைகள் நின்றபடி வாங்கி, நடந்தபடி துடைப்பார்கள். இவள் மட்டும் முக்காலியைக் காலாலேயே இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

“மகாராணி வந்தாச்சு, சிம்மாசனம் போடுங்கடி!” என்பாள் அறைத்தோழி.

பெயரே முக்காலி என்று நிலைத்துவிட்டது. அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சோம்பேறி என்றே நினைத்துக்கொள்ளட்டும். உண்மை தெரிவதற்கு அது எவ்வளவோ தேவலை.

உண்மை அவளுக்கும் அம்மாவுக்கும் மேலே இருக்கிறவனுக்கும்தான் தெரியும். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு உண்டு. வருவதற்கு முன்னால் நாக்கில் இரும்பை நக்கினாற்போல் ஒரு ருசி தட்டும். மாத்திரை தவறாமல் போட்டு, ராத்திரி நன்றாகத் தூங்கினால் அது அண்டாது. தூக்கம் கெட்டால் சொல்வதற்கில்லை.

அம்மா தினமும் ஃபோனில், “பூச்செடிக்குத் தண்ணி ஊத்தினியாடி?” என்று கேட்பாள். மாத்திரை போட்டாயா என்று அர்த்தம். “ஊத்திட்டேம்மா” என்பாள் இவள். அறைத்தோழி ஜன்னலோரம், கட்டிலடி எல்லாம் தேடிவிட்டு, “எங்கடி அந்தச் செடி? வேரோட தின்னுட்டியா?” என்பாள்.

கல்லூரி வாசலில் ஒரு பலகை உண்டு. உடல்நலக் குறை, மாற்றுத்திறன் உள்ள மாணவர்கள் தெரிவித்தால் வேண்டிய வசதி செய்து தரப்படும் என்று எழுதியிருக்கும். அதைத் தலை நிமிராமல் கடந்து போவாள். போன வருடம் ஓர் அக்கா, காது மந்தம் என்று நம்பிச் சொன்னாள். “கொஞ்ச நாள் வீட்ல இரும்மா, கூப்பிடுறோம்” என்றார்கள். ஹாஸ்டலில் அவள் கட்டிலில் இன்றைக்கும் சுருட்டின மெத்தைதான் கிடக்கிறது.

படுக்கையில் சாய்ந்தால் இவளுக்கு ஒரே வேண்டுதல். “ஆண்டவனே, வந்தா வரட்டும். கையில பிள்ளை இருக்கும்போது மட்டும் வேண்டாம்.”

போன வாரம் ராத்திரி டியூட்டி போட்டார்கள். வாயைத் திறக்காமல் போனாள். பகலில் படுத்தாலும் பயம் கண்ணை மூடவிடவில்லை. அப்படியே சில நாள் ஓடியது. ஒருநாள் விடிகிற வேளையில் ஒரு பிரசவம். பெரிய சிஸ்டர் பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு திரும்பினார். இவள் காலால் துழாவினாள். முக்காலி இல்லை. அறைத்தோழி விளையாட்டாக அதைத் திரைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

நாக்கில் இரும்பு ருசித்தது.

“பிடி” என்றார் சிஸ்டர்.

இவள் பின்வாங்கினாள்.

“என்ன மரம் மாதிரி நிக்கிற? பிடின்னா!”

“தராதீங்க சிஸ்டர்... எனக்கு வலிப்பு வரும். என் கையில தராதீங்க!”

பெற்றவள் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அறைத்தோழி பாய்ந்து வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். இவள் சுவரோடு சரிந்து ஈரத்தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் ருசி மெல்ல விலகியது. வலிப்பு வரவில்லை.

“காலையில பிரின்சிபால் ரூமுக்கு வா” என்று மட்டும் சொன்னார் பெரிய சிஸ்டர்.

வெளியே வந்ததும் அறைத்தோழி அழுதுவிட்டாள். “இதுதானாடி உன் செடி? பாவி, என்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

பிரின்சிபால் அறைக்குப் போகும் வழியெல்லாம் வாய்க்குள் ஒத்திகை பார்த்தாள். ராத்திரி டியூட்டி மட்டும் வேண்டாம், ஒரு முக்காலி போதும், வேறொன்றும் கேட்கமாட்டேன் என்று. கண்ணுக்குள் அந்தச் சுருட்டின மெத்தை வந்து வந்து போனது.

பிரின்சிபால் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இத்தனை நாள் மறைச்சிருக்க. இப்ப உனக்கு என்னதான் வேணும்? சொல்லு.”

இவள் சுவரோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகை ஒருமுறை உரசிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் பிள்ளையை வாங்குகிறாற்போல் வெறும் கைகள் இரண்டையும் நீட்டினாள்.