பாப்பு கீரை தின்ற கதை

முருகேஸ்வரிக்குப் பொறாமை வந்துவிட்டால் அவள் வீட்டு அடுப்படிச் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். கரண்டி சட்டியில் மோதும், குடம் தரையில் இடிக்கும். பதினைந்து வருடமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா? என் மருமகள் எனக்கு ஒரு புதுச்சேலை எடுத்துக்கொடுத்தாலே அவளுக்குப் பொறுக்காது. ஆனால் போன தை மாதம் அவள் பட்ட பொறாமை வேறு ரகம். எல்லாம் ஒரு பறவையால் வந்தது.

ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்த் தண்ணீரில் நாலு ஏக்கர் நெல் போடுகிற குடும்பம் அவளுடையது. புருஷன் பாண்டித்துரை. ஒரே மகள் ஜெயப்பிரியா கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபோது, தான் வளர்த்த காக்கட்டீல் என்கிற சின்னக் கிளியை அம்மாவிடம் விட்டுப்போனாள். சாம்பல் நிறம், தலையில் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. பெயர் பாப்பு. அதற்குச் சூரியகாந்தி விதை என்றால் உயிர். கேட்டதைக் கேட்டபடி கொடுப்பதுதான் முருகேஸ்வரிக்குப் பாசம். மூன்று வேளையும் வெறும் விதை. ஒரு வருடத்தில் பாப்பு உருண்டையாகி, கம்பில் உட்கார்ந்தபடியே வாயைத் திறந்து மூச்சு வாங்கியது.

ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். “விதை பூராம் கொழுப்பும்மா. ஈரல் கெட்டுக்கிட்டு வருது. கீரை, கேரட், முளைகட்டுன பயறு, தினைன்னு கொஞ்சங்கொஞ்சமா மாத்துங்க. இதையே போட்டா ரொம்ப நாள் தாங்காது” என்றார் டாக்டர். கூண்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அழுதபடியே வந்து இறங்கினாள்.

முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கி விதைக்கு அடியில் ஒளித்தாள். பாப்பு விதையைப் பொறுக்கிக்கொண்டு கீரையை அவள் முகத்திலேயே உதறியது. கேரட்டைத் துருவி வைத்தாள். அதன் மேலேயே எச்சம் போட்டது.

அந்த வீட்டில் ஆறு மாதத்துக்கு முன் வாழ வந்தவள் உமாமகேஸ்வரி, கொழுந்தன் பெண்டாட்டி. தொண்டியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கூடத்தில் கூண்டுப் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்து, டிவியைப் பார்த்தபடி எதையாவது கொறிப்பாள். ஒரு நாள் முருகேஸ்வரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தால், உமா ஒரு கேரட் துண்டைக் கடிக்கிறாள். கூண்டுக்குள் பாப்பு இன்னொரு துண்டைக் கடிக்கிறது.

முருகேஸ்வரிக்கு வயிறு எரிந்தது. மறைக்கவும் இல்லை. “கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்தவ நானு மதினி. நேத்து வந்தவ கையில திங்கிது, நன்றிகெட்ட சனியன்” என்று சுவருக்கு மேலே தலையை நீட்டி என்னிடம் சொன்னாள். மறுநாளே கூண்டு அடுப்படிக்குப் போய்விட்டது. அங்கே பாப்பு நாள் முழுக்க அவள் முதுகைப் பார்த்தது. விதையைக் குறைத்திருந்தாள், அது கீரையைத் தொடவில்லை, அரைப் பட்டினியில் துவண்டது. மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் உமாவிடம் போனாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“அதுக்கு என்னடி வசியம் வச்ச?”

“ஒண்ணும் வைக்கலக்கா. நான் திங்கிறதப் பாத்து அதுவும் திங்கிது.”

“நான் நாள் பூராம் அது பக்கத்துலதான நிக்கிறேன்?”

“நிக்கிறீகக்கா. அது பாக்க என்னைக்கு உக்காந்து சாப்பிட்டீக?”

எல்லாரும் தின்று முடித்தபின், அடுப்பு மேடைக்குத் திரும்பி நின்று, சட்டியில் மிஞ்சியதை நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்கிறவள் முருகேஸ்வரி. அதுதான் அவள் சாப்பாடு. நானும் அப்படித் தின்கிறவள்தான். எனக்கும் சுருக்கென்றது.

மறுநாள் கூண்டு கூடத்துக்கு வந்தது. மத்தியானம் பாண்டித்துரைக்கு இலை போட்டுவிட்டு, அவளும் ஒரு தட்டில் சோறும் கீரையும் போட்டுக்கொண்டு கூண்டருகே உட்கார்ந்தாள். உப்பில்லாத கீரையில் கொஞ்சம் கூண்டுக்குள் வைத்தாள். அன்றைக்குப் பாப்பு வெறுமனே பார்த்தது. அடுத்த நாளும் பார்த்தது.

நாலாம் நாள் நான் முருங்கைக்கீரை கொடுக்கப் போயிருந்தேன். முருகேஸ்வரி ஒரு வாய் வைத்தாள். பாப்பு கம்பிலிருந்து இறங்கி வந்து ஓர் இலையைக் கவ்வியது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! உமா வேலைக்குப் போயிருக்கிறாளே, இதைப் பார்க்காமல் போனாளே என்ற ஆத்திரமும் அந்த முகத்தில் இருந்தது.

“ரசம்” என்றான் பாண்டித்துரை.

பழக்கத்தில் பாதி எழுந்தாள். பாப்பு இலையைப் போட்டுவிட்டுத் தலையைத் தூக்கியது. உடனே உட்கார்ந்துவிட்டாள்.

“அடுப்படியில இருக்கு. போய் ஊத்திக்கங்க. நான் எந்திரிச்சா இது திங்காது.”

இருபத்திரண்டு வருடத்தில் அவன் கேட்காத பேச்சு. கையில் சோற்றோடு கூண்டை முறைத்தான். “அப்ப உனக்கு என்னைய விட அந்தக் குருவிதான் பெருசாப் போச்சா?”

“நீங்க ரசம் இல்லாம செத்துற மாட்டீக” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வாய்ச் சோற்றை உருட்டினாள்.