அக்கா வீடு ஏரிக்குள் நின்ற மத்தியானம்

எட்டாம் வகுப்பைத் தாண்டாத என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்த பெருமை, மைசூர் விஜயநகரில் பேக்கரி மாடியில் இருக்கும் எங்கள் மேப் ஆபீசைச் சேரும். நான் சர்வே ஜீப் ஓட்ட வந்தவன். ஜீப் ரிப்பேராகி ஒர்க்‌ஷாப்பிலேயே குடியேறிவிட்டதால் கையில் மௌஸைக் கொடுத்தார்கள். ஸ்டியரிங்கைவிட இது தேவலை, மோதினால் யாரும் இறங்கி வந்து சட்டையைப் பிடிக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு வந்த வேலை ஹனூர் பக்கம் ஒரு ஏரி. எங்கள் ஊர் ஏரியேதான். அதன் எல்லைக்கோட்டைப் பழைய சாட்டிலைட் படத்தின்மேல் ஏற்கெனவே வரைந்திருந்தார்கள். புதுப் படத்தை அதன்மேல் பொருத்த வேண்டியது என் வேலை. இரண்டு படத்திலும் தெரிகிற ஒரே இடத்தில் மௌஸால் குண்டூசிபோல ஒரு பின் குத்தி, இதுவும் அதுவும் ஒன்று என்று காட்டினால், சாஃப்ட்வேர் புதுப் படத்தை இழுத்து உட்கார வைக்கும். பிறகு கோட்டுக்குள் விழும் கட்டடங்களுக்குச் சிவப்பு அடித்து, சாயங்காலத்துக்குள் ஒரு சர்க்கார் ஆபீசுக்கு அனுப்பவேண்டும். சிவப்பு விழுந்த வீட்டுக்கு ஆக்கிரமிப்பு நோட்டீஸ் போகும்.

குத்தினேன். பிழை ரொம்பக் குறைவு என்றது சாஃப்ட்வேர். ஆயுசில் எனக்கு யாரும் அப்படி மார்க் போட்டதில்லை. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினேன். அக்கா வீடு ஏரிக்குள் நின்றது.

புத்தி உள்ளவன் என்ன செய்வான்? வாயை மூடிக்கொண்டு வேலையைச் சரிபார்ப்பான். நான் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, வூட்டுக்குள்ள தண்ணி ஏதாச்சும் வந்துச்சா?"

"என்றா உளர்ற? குடிக்கவே தண்ணி இல்லைங்கறேன். ஏன் கேக்கற?"

"ஒண்ணுமில்ல. மேப்புல உம்பட வூடு ஏரிக்குள்ள இருக்குது."

அவ்வளவுதான். அதற்குப்பின் அக்கா விடாமல் கூப்பிட, போன் மேஜைமேல் வண்டுபோல் சுற்றிச்சுற்றி நடுங்கிக்கொண்டே இருந்தது. சாஃப்ட்வேரை மூடித் திறந்தேன். இரண்டு படமும் ஒரே அளவுமுறையில்தான் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. ஜன்னலுக்குப் போய், கீழே போகிற கார்களைப் பார்த்துவிட்டு வந்தேன். வீடு நகரவில்லை.

எனக்குள் ஒரு அரிப்பு. படம் நிஜமாகவே தப்பா, இல்லை அக்கா வீடு என்பதால் தப்பாகத் தெரிகிறதா? வேறு யார் வீடாகவாவது இருந்திருந்தால் நான் இந்நேரம் சிவப்பு அடித்துவிட்டு பப்ஸ் தின்றுகொண்டிருப்பேன்.

மேடம் வந்தார். ஆபீசை நடத்துபவர், தமிழ்க்காரர்தான். ஆனால் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இதே மைசூர் என்பதால் கன்னடம் பாதி கலந்து வரும்.

"ஏனப்பா, நாற்காலியில முள்ளா?"

சொன்னேன். புதுப் படத்தைத் திரைபோல விலக்கி, அடியில் இருந்த பழைய படத்தைக் காட்டினார்.

"இங்க நோடு. ரோடு எப்படி உடைஞ்சிருக்கு. பழைய படத்து ரோடு ஒரு பக்கம், புதுசு ஒரு பக்கம். மொத்தமா சரிஞ்சிருக்கு. பின் எங்க குத்தின?"

"டேங்க் மேல மேடம். சுத்தி இருக்கற நாலு ஊரு உசரத் தண்ணி டேங்க்லயும். எங்க பக்கம் வழி சொல்றதே டேங்க வெச்சுத்தானுங்க."

மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார். என் டீ டம்ளரைத் தரையில், டைல்ஸ் கோட்டுமேல் வைத்தார்.

"இந்தப் பக்கம் நின்னு பாரு, அப்புறம் அந்தப் பக்கம். டம்ளர் வாய் கோட்டுக்கு எங்க தெரியுது?"

பார்த்தேன். அடி அதே இடத்தில் இருக்க, வாய் ஒரு முறை கோட்டுக்கு அங்கே போனது, ஒரு முறை இங்கே வந்தது.

"சாட்டிலைட்டும் சாய்ஞ்சுதான் பாக்கும். பழைய படம் ஒரு பக்கத்துல இருந்து, புதுசு இன்னொரு பக்கத்துல இருந்து. நீ டேங்க் தலையத் தலையோட சேர்த்த, கால் எல்லாம் நகர்ந்துடுத்து."

"அப்ப பிழை கம்மின்னு சொல்லுச்சே?"

"நாலு டேங்கும் ஒரே உயரம். நாலும் ஒண்ணா பொய் சொல்லித்து. தரையில குத்தப்பா. ரோட்டுக்கு அடியில தண்ணி போற மோரி, ரோடு கூடற இடம். உங்க அக்கா வீட்டு மூலையில மட்டும் பேட, வேண்டாம்."

குத்தினேன். ரோடு ஒட்டிக்கொண்டது. அக்கா வீடு மெதுவாகக் கரையேறியது. மூச்சு விட்டேன், பாதிதான். வீட்டுக்குப் பின்னால் இருந்த மாட்டுக் கொட்டாய் ஏரிக்குள்ளேயே நின்றது.

மேடம் போன பிறகு, ஒரே ஒரு பின்னை ஒரு பொட்டு தள்ளிப் பார்த்தேன். கொட்டாய் வெளியே வந்தது. நான் படித்த எதிர்க்கரைப் பள்ளிக்கூடம் தண்ணீரில் இறங்கியது. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் செய்த கெடுதல் போதாதா? பின்னைப் பழைய இடத்திலேயே வைத்தேன். கொட்டாய்க்குச் சிவப்பு அடித்து அனுப்பினேன்.

போனை எடுத்தேன். "அக்கா, வூடு தப்பிச்சிருச்சு. மாட்டுக் கொட்டாய்தான் ஏரிக்குள்ள இருக்குது."

"அது மேப்பு பாத்துத்தான் உனக்குத் தெரியோணுமா? மழை பேஞ்சாலே மாடு முழங்கால் தண்ணியில நிக்கும். அங்க கட்டாதீங்கன்னு அன்னைக்கே தலைபாடா அடிச்சிக்கிட்டேன், இந்த மனுசன் கேட்டாத்தான?"

"நோட்டீஸ் வரும்க்கா."

போனுக்குள் மாடு ஒன்று கத்தியது.

"இரு, உங்க மாமன்கிட்டத் தர்றேன். நீயே சொல்லு."

போன் கைமாறுகிற சத்தம். மாமா தொண்டையைச் செருமினார். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.