காலி டிரம்

இது கதை இல்லைங்க. எனக்கே நடந்தது. நம்பாதவங்க ஒரு நாள் சாயங்காலம் எங்க லேபுக்கு வாங்க, அந்த மெஷின்ல கையை விட்டுப் பாருங்க. அப்புறம் பேசலாம்.

என் பேரு ரெஜிஸ். திருவானைக்கோவில் பக்கத்துல ஒரு டெஸ்டிங் லேப்ல வேலை. ரோட்டுக்குப் போடுற ஜல்லி எவ்வளவு தேயும், உடையும்னு பார்க்கிற இடம். ஜல்லியையும் இரும்புக் குண்டுகளையும் ஒரு பெரிய டிரம்முல போட்டுச் சுத்தவிடுவோம். உள்ளே கல்லு படாதபாடு படும். பொடியாப் போனது எவ்வளவு, தாக்குப்பிடிச்சது எவ்வளவுன்னு எடை போடுவோம்.

போன நவம்பர். நல்ல மழை. கூட வேலை பார்க்கிற பிரவீன்ராஜ் ஏதோ வேலையா ஆத்துக்கு அந்தப் பக்கம் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருந்தான். டெஸ்ட் முடிஞ்சது. கல்லையும் குண்டையும் கொட்டிட்டு, ஒட்டின பொடி உதிரட்டும்னு மூடி போடாம காலி டிரம்மைச் சுத்தவிட்டேன். சரியா 6.40. கரண்ட் போயிடுச்சு, ஒரே இருட்டு.

அது பழைய மெஷின். சுவிட்ச் ஆன்ல இருந்தா, கரண்ட் வந்ததும் தானா சுத்தும். சுவிட்ச் எதிர்ச்சுவத்துல. ஷட்டர் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டுச்சு.

“பிரவீன், சுவிட்சை ஆஃப் பண்ணு.”

“பண்ணிட்டேண்ணே.”

அவன் குரல்தான். சத்தியமா அவன் குரல்தான். சரி, சும்மா நிக்கிற நேரத்துல தொடைச்சிடலாம்னு துணியோட வலது கையைத் தோள் வரைக்கும் உள்ளே விட்டேன். அவ்வளவு நேரம் சுத்தின இரும்பு, சூடா இருக்கணும். ஐஸ் மாதிரி இருந்துச்சு.

போன் அடிச்சது. இடது கையால எடுத்தேன். 6.46.

“அண்ணே, காவிரிப் பாலத்துல மாட்டிக்கிட்டேன். பஸ் நகரவே இல்ல. நீங்க பூட்டிட்டுக் கிளம்புங்க.”

பிரவீன்.

அப்போ... இங்க பதில் சொன்னது யாரு?

போன் வெளிச்சத்தை எதிர்ச்சுவத்துல அடிச்சேன். ரூம்ல யாருமில்ல. சுவிட்ச் ஆன்ல இருந்துச்சு.

கையை வெளியே எடுக்கப் பார்த்தேன்.

வரல.

உள்ளே... யாரோ என் விரல்களைப் பிடிச்சிருந்தாங்க.

மாதாவே! இப்ப கரண்ட் வந்தா என் கை போச்சு...

இழுத்தேன். இன்னும் இறுக்கிப் பிடிச்சது.

எதிர்வீட்டுல லைட் வந்துடுச்சு...

டிரம்முல காலை ஊன்றி, கத்திக்கிட்டே இழுத்தேன்.

கை வந்தது.

டக்.

டிரம் சுத்த ஆரம்பிச்சது.

கட... கட... கட...

மழையில ஓடினேன். வண்டிச்சாவி, டிபன் பாக்ஸ் எல்லாம் அங்கேயே கிடந்துச்சு.

மறுநாள் முதலாளி பீமராவ் சாரைப் பிடிச்சு உலுக்கிட்டேன். மெஷின் வேற ஒரு லேப்ல இருந்து பழசா வாங்கினதாம். அங்க அதை ஓட்டின நல்லுசாமிங்கிறவருக்கு வலது கை போயிடுச்சாம்.

“செத்துட்டாரா சார்?”

“அட, வையம்பட்டியில ஆடு வளர்க்கிறாருப்பா” ன்னு நம்பர் கொடுத்தார்.

நல்லுசாமிக்குப் போன் பண்ணி நடந்ததெல்லாம் சொன்னேன்.

“நீங்க இழுத்துட்டீங்களா தம்பி?”

“இழுத்துட்டேங்க. நீங்க?”

“நான் இழுக்கல. எம் மக கை அது. எனக்குத் தெரியாதா?”

“அவங்க எப்படி அங்க வந்தாங்க?”

“அவளைப் புதைச்சு ஒரு மாசம் ஆகியிருந்துச்சு.”