இடுப்பு பிடித்த மாப்பிள்ளை

நான் கால் முன்னே வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்த பிள்ளை மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று எங்கள் தேயிலை எஸ்டேட்டில் ஒரு நம்பிக்கை. கொழுந்துக்கூடை சுமந்து முதுகு போனவர்களுக்குக் குறைவில்லை என்பதால், பால்பல் விழும் வயதிலேயே எனக்கு நல்ல மரியாதை.

ரிங்லெட் ஊருக்குப் பெண் பார்க்கப் போவதற்கு முந்தின நாள், அம்மாவின் தம்பியான என் மாமா உரமூட்டையைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். கழுத்துக்குக் கீழே நெஞ்சும் இடுப்பும் ஒரே பலகையாகிவிட்டன. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால், சின்னச் சின்ன எட்டு வைத்து முழு ஆளாகச் சுற்றித்தான் பார்ப்பார். அவரைக் குப்புறக் கிடத்துவதற்கே நாலு பேர் வேண்டியிருந்தது. சொந்த மாமா ஆயிற்றே என்று நானும் கொஞ்சம் தாராளமாகவே மிதித்தேன். அவர் அலறியதில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரையேறின.

“இன்னொரு நாள் பாத்துக்கலாம்லா,” என்றார் மாமா.

“அங்க வடைக்கு உளுந்து ஊறப் போட்டிருப்பாங்க. வந்துதான் ஆகணும்,” என்றாள் அம்மா.

காருக்குள் நுழைய இடுப்பு மடங்கவில்லை. லோரியின் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தார். வளைவுக்கு வளைவு முருகனைக் கூப்பிட்டார்.

பெண் வீட்டில் பாய் விரித்திருந்தார்கள். “பரவால்லைங்க, நிக்கிறேன்,” என்றார் மாமா. பெண்ணின் அப்பா உருகிப்போனார். “இந்தக் காலத்துல பெரியவங்க முன்னால உக்காராத பையனா!” உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

பெண் பக்கவாட்டிலிருந்து தேத்தண்ணியோடு வந்தாள். குறுகிய பாதையில் லோரி திருப்புவதுபோல மாமா முன்னும் பின்னுமாக அசைந்து அவள் பக்கம் திரும்பினார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு தட்டைத் தாழ நீட்டாமல் அவர் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தாள்.

“மூட்டை தூக்கினீங்களா?” என்று மெல்லக் கேட்டாள். மாமாவின் காலடியில் இருந்த எனக்கும் கேட்டது. “எங்க அண்ணனும் போன மாசம் இப்படித்தான் திரும்புனாரு.”

மாமாவின் காது சிவந்தது.

விடைபெற்று லோரியருகே வந்தபோது மாமா நின்றார். யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, எட்டு வைத்து எட்டு வைத்து, அந்த வீட்டைப் பார்க்க முழுதாகத் திரும்பினார். இவ்வளவு வலியோடு ஒருவர் திரும்புகிறார் என்றால் எதையோ மறந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் உள்ளே ஓடி, பாயைத் தூக்கித் தேடினேன்.

“என்ன பாப்பா தேடுற?” என்றாள் பெண்.

“மாமா எதையோ இங்க விட்டுட்டாரு.”

அவள் ஏன் முகத்தை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள் என்று எனக்குப் புரியவில்லை. நான் பாயை உதறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.